சோப்பு டப்பா கேமரா

அவளை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

கை வைத்த மர நாற்காலி. உடம்பு முன்னால் சரிந்துவிடாமல் இருக்க, நெஞ்சோடு சேர்த்து ஒரு துண்டைச் சுற்றி நாற்காலியின் முதுகில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி, முடிச்சு உச்சந்தலையில். முகம் முழுக்க மஞ்சள், நெற்றியில் பெரிய குங்குமம், அதன் மேல் ஒரு காசு. கழுத்தில் சாமந்தி மாலை. வயது இருபத்தைந்து இருந்தால் ஜாஸ்தி. பெயர் அஞ்சலை.

பாம்பு கடித்து, பொழுது விடிவதற்குள் உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள்.

அவள் எதிரே நான் நிற்கிறேன். கையில் ஒரு சின்னக் கேமரா. அதுவரை நான் எடுத்ததெல்லாம் காதுகுத்து, பிறந்தநாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் படம், அவ்வளவுதான். சாவு வீட்டில் படம் எடுப்பது அன்றுதான் முதல் தடவை. பயந்தேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்? பயந்துதான் நின்றேன்.

"இன்னும் கிட்டக்க போங்கம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மூஞ்சி தெளிவா வரணும். கழுத்தும் வரணும்."

போனேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அன்று என் கையில் வேறு கேமரா இருந்திருந்தால் நடந்ததே வேறாகியிருக்கும்.

பெரியதும் சின்னதும்

இந்தத் தொடரைப் படிக்கிற உளுந்தூர்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "என் மகள் கேமரா கேட்கிறாள். லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமரா வாங்குவதா, கைக்கு அடக்கமான சின்னது வாங்குவதா? ஸ்டூடியோ நடத்தியவர் நீங்கள், சொல்லுங்களேன்." இந்த ஒரு கேள்வியால் எங்கள் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியாமல் கிடந்திருக்கிறது என்று பாவம், அந்த அம்மாவுக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே எங்கள் ஸ்டூடியோ. என் வீட்டுக்காரரிடம் இருந்தது பெரிய கேமரா. அதைக் கேமரா என்று அவர் வாயால் சொல்ல மாட்டார், 'செட்டு' என்பார். உடம்பு தனி, லென்ஸ் தனி. கிட்டத்துக்கு ஒரு லென்ஸ், தூரத்துக்கு ஒரு லென்ஸ், பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களை மொத்தமாக வளைத்துப் பிடிக்க ஒரு லென்ஸ். தூரத்து லென்ஸ் மட்டுமே முற்றின சுரைக்காய் கனம் இருக்கும். அப்புறம் ஃப்ளாஷ், அந்த ஃப்ளாஷுக்கென்று தோளில் மாட்டுகிற பேட்டரிப் பெட்டி, முக்காலி. முக்காலி தவிர எல்லாம் ஒரு தோல் பைக்குள். அந்தப் பையைத் தூக்கித் தூக்கி மனுஷனுக்கு இடது தோள் இறங்கியே போய்விட்டது. சட்டைக்கு அளவெடுத்த டெய்லர், "சார், நேரா நில்லுங்க," என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

ஒரு தடவை கல்வராயன் மலைமேல் ஒரு கோயில் திருவிழாவைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். வெள்ளிமலை வரைக்கும் பஸ். அதற்கு மேல் ஜீப். ஜீப்பில் ஆட்கள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் இவரையும் பார்த்து, பையையும் பார்த்து, "ஒண்ணு நீங்க ஏறுங்க சார், இல்லனா அது ஏறட்டும். ரெண்டுக்கும் எடமில்ல," என்றாராம். இவர் பையை உள்ளே ஏற்றிவிட்டு, தான் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போயிருக்கிறார். மலைப்பாதையில். அதைப் பெருமையாக வேறு வந்து சொன்னார். நான் அன்றைக்குச் சோறு போடாமல் படுத்துக்கொண்டேன்.

சின்னது, என் தம்பி சிங்கப்பூரிலிருந்து எனக்கென்று கொண்டுவந்தது. பெரியதில் போடுகிற அதே ஃபிலிம்தான் இதிலும். ஆனால் லென்ஸைக் கழற்ற முடியாது. முன்னாலிருக்கிற மூடியை விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். ஃப்ளாஷ் உள்ளேயே இருக்கும். மூடிவிட்டால் உள்ளங்கைக்குள் அடங்கும். கத்திரிக்காய் வாங்கப் போகும்போது மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸில் நின்றே வந்திருக்கிறேன்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாடி இது, சோப்பு டப்பா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பேர்.

நானும் விடவில்லை. "கடுகு சிறுத்தாலும் காரம் போவாது," என்றேன்.

"காரத்த இன்னா ஆல்பத்துலயா ஒட்டுவ? கல்யாண வூட்ல இத்த கையில வெச்சிக்கினு நில்லு, பொண்ணு வூட்டுக்காரன் குளிக்கிற எடத்துக்கு வழி காட்டுவான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். செட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் நுழைந்தால் கல்யாணக் கூட்டமே விலகி வழிவிடும். நான் டப்பாவைத் தூக்கிப் பிடித்தால், "தள்ளிக்கம்மா, போட்டோக்காரரு வரட்டும்," என்பார்கள். இன்னொன்றும் உண்டு. பெரியதில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், என்ன தெரிகிறதோ அதுதான் படம். சின்னதில் பக்கத்தில் இருக்கும் ஒரு ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். லென்ஸை விரல் மறைத்தாலும் தெரியாது. ஒரு காதுகுத்தில் தாய்மாமன் முகத்துக்குப் பதிலாக என் கட்டைவிரலை எடுத்துக் கொடுத்து நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

சண்டை முற்றினால் அவர் கடைசியாக ஒன்று சொல்வார். "பெரிய கேமராவுல நீ நின்ன எடத்துல நிக்கலாம். லென்ஸ மாத்தினா மூஞ்சி கிட்டக்க வந்துடும். உன் டப்பாவுல லென்ஸ் நவுராது. நீதான் நவுரணும்."

அதுதான் இரண்டுக்கும் வித்தியாசம். மற்றதெல்லாம் கனத்தின் கணக்கு.

ரோட்டில் மரம்

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். எந்த மாசம், எந்தத் தேதி என்று கேட்காதீர்கள். மழை பிடித்துக்கொண்டிருந்தது, துணி காயவில்லை, அதுதான் நினைவிருக்கிறது. ஒருநாள் காலையில் எழுந்தால் ஊரில் சத்தமே இல்லை. பஸ் ஹாரன் இல்லை. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள் என்றார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரம் ரோட்டில் படுத்துக் கிடந்தது. இலை இன்னும் வாடவில்லை. பிள்ளைகள் கிளைமேல் உட்கார்ந்து பிஞ்சுப் புளியங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். பார்க்கவே எனக்கு என்னவோபோல் இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் முந்தின நாளே ஒரு கல்யாணத்துக்காகத் தியாகதுருகம் போனவர், செட்டோடு அங்கேயே மாட்டிக்கொண்டார். பையைச் சுமந்துகொண்டு இத்தனை மரம் ஏறி இறங்கி நடந்து வர முடியாது. யார் வீட்டிலாவது விட்டுவிட்டு வரவும் மனசு வராது. எங்கள் வீட்டில் அதுதான் மூத்த பிள்ளை.

ஸ்டூடியோவைத் திறந்து வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் சைக்கிளில் வந்து இறங்கினார். வேட்டியில் முழங்கால் வரைக்கும் சேறு. தலைமுடியில் புளிய இலை ஒட்டியிருந்தது.

"போட்டோக்காரரு இல்லீங்களா?"

"தியாகதுருகத்துல மாட்டிக்கினாரு. இன்னா வேணும்?"

"சாவுங்க," என்றார். "எங்க தம்பி பொஞ்சாதி. பூச்சி தொட்டிடுச்சி."

பாம்பை எங்கள் பக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பூச்சி என்பார்கள். அவர் பேர் ஏழுமலை. கச்சிராயபாளையம் ரோட்டிலிருந்து பிரிந்து, மலையடிவாரத்தை ஒட்டிப் போனால் அவர்கள் ஊர். கூலி வேலை செய்கிற குடும்பம். ராத்திரி கூரையிலிருந்து விழுந்த கட்டுவிரியன், பாயில் படுத்திருந்தவளைக் கடித்திருக்கிறது. ஊரிலேயே மந்திரிக்கிற ஒருத்தரிடம் தூக்கிப் போயிருக்கிறார்கள். அவர் வேப்பிலை அடித்துப் பார்த்துவிட்டு, நாடி அடங்கிப்போச்சு என்று சொல்லிவிட்டார்.

செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, குடும்பம் சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது அப்போது வழக்கம்தான். என் வீட்டுக்காரர் அப்படிப் பல வீடுகளுக்குப் போயிருக்கிறார். ஆனால் ஏழுமலைக்கு வேண்டியது அது மட்டும் இல்லை.

கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டார் வந்து முகம் பார்க்க வேண்டும், கோடித் துணி போர்த்த வேண்டும். அதற்கப்புறம்தான் பிணத்தை எடுக்கலாம். அஞ்சலையின் அண்ணன் மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டுகிறவன். சேதி சொல்லப் போன ஆள் போனவன் போனவன்தான், திரும்பவில்லை. எத்தனை நேரம் வைத்திருப்பது?

"அவன் கோவக்காரன்மா," என்றார் ஏழுமலை. "நாளைக்கு வந்து, என் தங்கச்சிய இன்னாடா பண்ணீங்க, அடிச்சிக் கொன்னுட்டு பூச்சி மேல பழி போடுறீங்களான்னு நின்னான்னா, எங்க குடும்பமே நாறிடும். மூஞ்சில, கழுத்துல ஒரு காயமும் இல்லன்னு தெரியணும். போட்டோ இருந்தா காட்டிடலாம்."

நான் மேசை இழுப்பறையிலிருந்து சின்னக் கேமராவை எடுத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"இதுலயாமா? இதுல படம் வுழுவுமா?"

"வுழாட்டி என்னக் கேளு," என்றேன். எனக்கு அப்படித்தான், அந்த டப்பாவை யாராவது குறைத்துப் பேசினால் ரோஷம் வந்துவிடும். அந்த ரோஷத்தில்தான் கிளம்பினேன். இல்லாவிட்டால் சாவுப் படம் எடுக்க எனக்கு ஏது தைரியம்?

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். ஊர் என்ன பேசும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் இறங்குவோம். அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளைக்குள் புகுவார். நான் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மரத்தின் மேல் ஏறி இறங்குவேன். கேமரா இடுப்பில். மறியல்காரர்கள் கேட்டால் "சாவு" என்பார் ஏழுமலை. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிடுவார்கள். எத்தனை மரம் தாண்டினோம் என்று எண்ணவில்லை. கையெல்லாம் சிராய்ப்பு.

ஈரம்

அந்த வீட்டு வாசலுக்குத்தான் இப்போது திரும்பி வருகிறேன்.

மேளக்காரர்கள் வர வழியில்லை, அதனால் மேளம் இல்லை. வாசலில் இரண்டு பேர் பச்சை மூங்கிலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலையின் புருஷன் முருகேசன் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஒரு பெண் அவர்களுடைய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அது அம்மாவைப் பார்க்காமல் இருக்க முதுகைக் காட்டி நின்றாள்.

முதலில் எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். அப்புறம்தான் ஏழுமலை பின்னாலிருந்து "கிட்டக்க போங்கம்மா" என்று சொன்னார்.

கிட்டே போனேன். ஓட்டை வழியாகப் பார்த்தேன். முகம் இன்னும் சின்னதாகத்தான் தெரிந்தது. இன்னும் கிட்டே போனேன். மஞ்சள் வாசனையும் சாமந்தி வாசனையும் மூக்கில் ஏறின. இதற்கு மேல் போனால் படம் மங்கிவிடும் என்கிற எல்லையில் நின்றேன்.

ஸ்டூடியோவில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃப்ளாஷ் போடுவதற்கு முன்னால் முகத்தில் எங்கே மினுக்குகிறது என்று பார்ப்போம். வேர்வையோ எண்ணெயோ இருந்தால் அந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெறித்துவிடும். துடைத்துவிட்டுத்தான் எடுப்போம். அஞ்சலையின் வலது கண் ஓரத்தில் மினுக்கியது.

"குளிப்பாட்டின தண்ணிம்மா," என்றாள் ஒரு பெண்.

முந்தானையால் துடைத்தேன். திரும்பி வந்து நின்றேன். ஓட்டையில் கண்ணை வைத்துப் பட்டனை அமுக்கினேன். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் அதே இடத்தில் மறுபடியும் மினுக்கியது. இதென்ன தொல்லை என்று சலித்துக்கொண்டே போய், இந்தத் தடவை கட்டைவிரலால் துடைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

குளிப்பாட்டின தண்ணீர் சூடாக இருக்குமா? கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டியிருக்கிறார்கள், மழைக்காலம், முகம் சில்லென்று இருக்கிறது. அந்த ஒரு சொட்டு மட்டும் சூடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு படுகிறதா இல்லையா என்று பிடிபடவில்லை. அப்போதுதான் கையிலிருந்த கேமரா நினைவுக்கு வந்தது. மூடி திறந்துதான் இருந்தது. அதை அப்படியே அவள் மூக்குக்கு அடியில், லென்ஸ் கண்ணாடி மேல் பார்க்கும்படி பிடித்தேன். எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் லேசாக ஒரு பனி. நான் பார்க்கப் பார்க்க அது மறைந்தது. மறுபடியும் பிடித்தேன். மறுபடியும் பனி.

"இவ உசிரோட கீறா," என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். ஏழுமலைதான் முதலில் பேசினார்.

"இன்னாமா சொல்ற நீ? மந்திரிக்கிறவரு நாடி பாத்துச் சொல்லிட்டாரும்மா. அடங்கிப்போச்சுன்னாரு."

"அவரு நாடியப் பாத்தாரு. நான் மூச்சப் பாத்தேன். வந்து நீயே பாரு."

முருகேசன்தான் எழுந்து வந்தான். அவன் கண்ணெதிரே மறுபடியும் பிடித்துக் காட்டினேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் பனி வந்ததையும் போனதையும் அவன் பார்த்தான். அப்புறம் அவன் போட்ட சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தாடைத் துணியைப் பிய்த்தான். நெற்றிக் காசைத் தட்டிவிட்டான். நெஞ்சில் கட்டியிருந்த துண்டு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தான்.

பாடையில்

பாதி கட்டி முடித்த பாடை வாசலில் கிடந்தது. வேறு எதில் தூக்குவது? அதிலேயே படுக்க வைத்தார்கள். நான் மாலையைக் கழற்றி எறிந்தேன். முருகேசனும் ஏழுமலையும் முன்னால், பாடை கட்டிய இரண்டு பேரும் பின்னால். ஓட ஆரம்பித்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் அவள் மூக்குக்கு அடியில் கண்ணாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். பனி வராமல் போய்விடுமோ என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

முதல் மரத்தில் மறியல்காரர்கள் பாடையைப் பார்த்ததும் எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டபடி ஒதுங்கினார்கள்.

"செத்தவ இல்லீங்க," என்று கத்தினேன். "உசிரு கீதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பிணம் போகிறது என்று கும்பிட்டவர்களுக்குச் சட்டென்று கை இறங்கவில்லை. பிறகு அதில் ஒருத்தர் தோளிலிருந்த கோடாரியைக் கீழே போட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார். மரத்துக்கு மரம் தோள் மாறியது. மரம் வெட்டிப் போட்டவர்களே கிளைகளை ஒடித்து வழி செய்தார்கள். இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு கரும்பு டிராக்டர் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நின்றிருந்தது. அது அடுத்த மரம் வரைக்கும் ஏற்றிப் போனது. அங்கிருந்து மறுபடியும் தோள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். மூச்சு தானாக ஓடுகிற வரைக்கும் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளுகிற ஒரு ரப்பர் பையை மாற்றி மாற்றிக் கையால் அமுக்கினார்கள். முருகேசன் அமுக்கினான், ஏழுமலை அமுக்கினார், நானும் அமுக்கினேன். கை மரத்துப்போகும். நிறுத்தினால் அவ்வளவுதான் என்று தெரியும், நிறுத்தவில்லை.

டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். அந்த விஷம் கை, கால், இமை, நாக்கு எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிடுமாம். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் கம்மியாகிவிடுமாம்.

"ஆனா அறிவு போகாதும்மா. காது கேக்கும். அந்தப் பொண்ணுக்கு எல்லாமே கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கும்."

அவளைக் குளிப்பாட்டியது, நாற்காலியில் வைத்துக் கட்டியது, குழி வெட்டப் போன ஆட்கள் வந்தாச்சா என்று கேட்டது, நான் சலித்துக்கொண்டது. எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளால் செய்ய முடிந்தது அந்த ஒரு சொட்டுக் கண்ணீர்தான்.

ரோடு திறந்து என் வீட்டுக்காரர் செட்டோடு வந்து சேர்ந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷன் முதலில் கேட்டது, "படம் வுழுந்துச்சா?" எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரே கழுவிப் பிரிண்ட் போட்டார். படம் நன்றாக விழுந்திருந்தது.

"நான் போயிருந்தா வாசப்படியிலயே நின்னிருப்பேன்டி," என்றார். "தூரத்து லென்ஸ் போட்டு எடுத்துக் குடுத்துட்டு வந்திருப்பேன்." அதற்கப்புறம் அவர் அதைச் சோப்பு டப்பா என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

அஞ்சலை

சில வாரம் கழித்து அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். முருகேசன் குழந்தையை வைத்துக்கொண்டு சந்து முனையில் நின்றான். அவள் மட்டும் உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள், நடை இன்னும் தள்ளாடியது. நான் உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் நாற்காலியைப் பார்த்தாள். "வேணாங்க, நின்னுக்கறேன்," என்றாள்.

காபி வாங்கி வரச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

"அந்தப் போட்டோவக் காட்டறீங்களா?"

எனக்கு மனசே இல்லை. அவளோ கேட்டது கேட்டபடி நின்றாள். எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் பூசின தன் முகத்தை, தாடைக் கட்டை, கண்ணோரத்து ஈரத்தை எல்லாம் நிதானமாகப் பார்த்தாள். அழவில்லை. படத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"படம் புடிச்ச பொட்டியக் காட்டுங்க."

சின்னக் கேமராவை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் முதலில் அதையே பார்த்தாள்.

"இதானுங்களா? இவ்ளோதானா? இத்தக் கொண்டாறதுக்கு சைக்கிளத் தோள்ல போட்டுக்கினு மரமெல்லாம் தாண்டி வந்தேன்னு பெரிய மாமா சொல்லிக்கினு இருந்தாரு. நானு எம்மாம் பெரிய பொட்டியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

பெரிய மாமா என்று அவள் சொன்னது ஏழுமலையை. "இது இடுப்புலயே அடங்கிடும்மா," என்றேன்.

கையில் வாங்கினாள். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழுமாக ஆட்டிக் கனம் பார்த்தாள்.

"அன்னிக்கி பூச்சி தொட்டு எனக்கு வவுறு வலிச்சப்போ பேச்சு இருந்துச்சுங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம்போன்னு நானே வாயத் தொறந்து கேட்டேன். இவரு கெளம்பிட்டாரு. ரோடெல்லாம் மரம் கெடக்குது, எப்பிடிடா தூக்கிக்கினு போவ, மந்திரிச்சா சரியாப்பூடும்னு பெரிய மாமா சொன்னாரு. இவரும் சரின்னுட்டாரு. அதுக்கப்புறம் எனக்கு நாக்கு எழல."

முருகேசன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஏழுமலை அந்த ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் கை வீங்கி உட்கார்ந்திருந்ததைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதெல்லாம் அவளுக்கும் தெரியும்.

கேமராவை மேசையில் அந்தப் படத்தின் மேலேயே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நானும் ஒண்ணும் ஜாஸ்தி கனமில்லீங்க," என்றாள்.